மீட்டர் குறைவு என்றால் நல்ல காரா?

"மீட்டரில் 30,000 கிலோமீட்டருக்குள் இருந்தால் பத்து வருஷக் காரையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்று மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவது தவறு.

டிஜிட்டல் மீட்டரையும் திருத்த முடியும். பிரேக், கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள். பழைய காரில் புத்தம்புது ரப்பர் இருந்தால் இன்னும் சந்தேகம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய பதிவைக் கேளுங்கள். ஒழுங்காக சர்வீஸ் செய்த 80,000 கிலோமீட்டர் கார் பல நேரம் இப்படி மீட்டர் குறைவாகக் காட்டும் காரைவிட மேல்.

மீட்டர் உண்மையாகவே இருந்தாலும், நம்மூர் வெயிலில் ஓடாமல் நின்ற காரில் ரப்பர் கெடும். டயர் பக்கவாட்டில் 2316 என்றிருந்தால் 2016-இன் 23-ஆவது வாரத் தயாரிப்பு. பட்டன் (தரையில் படும் ரப்பர் மேடு) தேயாமலே டயரின் ஓரம் வெடித்திருக்கலாம். டயர், பேட்டரி, கூலன்ட் ஹோஸ் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம் ஓடும் ரப்பர் குழாய்), டைமிங் பெல்ட் (வால்வுகளை நேரத்துக்கு இயக்க உதவும் பெல்ட்; அது உள்ள இன்ஜினானால்) செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.