பிளாக் சபாத் ஒரே நாளில் பதிந்தார்கள், சரி. அதற்கு முன்னால்?

ஒத்திகை போதாமல் ஸ்டுடியோவுக்குள் நுழையும் பேண்டுகள் சாக்குக்கு இழுக்கும் பெயர், பிரிட்டனின் ஹெவி மெட்டல் பேண்டான பிளாக் சபாத். "அவங்க முதல் ஆல்பத்தையே ஒரே நாள்ல முடிச்சாங்க."

முடித்தார்கள்தான். 1969 அக்டோபர் 16, லண்டன் ரீஜென்ட் சவுண்ட் ஸ்டுடியோ, ஏறக்குறைய 12 மணி நேரம். தயாரிப்பாளர் ராட்ஜர் பெய்ன். ஆனால் ஜெர்மனியின் ஹாம்பர்க் ஸ்டார் கிளப் வரை போய் மேடை மேடையாக வாசித்து வாசித்துக் கை பழகிய பேண்ட் அது. ஸ்டுடியோவில் உட்கார்ந்து யோசிக்க எதுவும் மிச்சமில்லை.

அவர்களுக்குக் கிடைத்தது 4 டிராக் டேப், அதாவது நான்கே தனித்தனி ஒலித்தடங்கள். டிரம்ஸுக்கு எத்தனை மைக் வைத்தாலும் பதியும்போதே கலந்துவிட வேண்டும். டிரம்ஸில் ஸ்னேர் டிரம் மட்டும் அடங்கிக் கிடக்கிறதே என்று மிக்ஸிங்கில் தூக்கினால், காலால் அடிக்கும் கிக் டிரம்மும் உலோகத் தட்டான சிம்பலும் கூடவே எழும்பும். ஆம்ப் (ஒலிபெருக்கி) அலறும் அறையில் கிட்டார் டிரம் மைக்கிலும் ஏறிவிடும். ஒருவர் சொதப்பினால் அவர் பகுதியை மட்டும் மாற்ற வழியில்லை, எல்லோரும் மறுபடி வாசிக்க வேண்டும். பாடகர் ஆஸி ஆஸ்போர்னைத் தனித் தடுப்பில் நிறுத்தி மற்றவர்களோடு சேர்ந்தே பாடவைத்தார்கள். பிறகு சேர்த்தது கொஞ்சம்தான்: சில இடங்களில் இரண்டாவது கிட்டார், தொடக்கத்தில் மழை, இடி, மணியோசை.

அன்றைக்கும் ஒன்று கெட்டது. முதலில் பதிந்த 'விக்கிட் வேர்ல்ட்' முடிந்ததும் கிட்டாரிஸ்ட் டோனி அயோமியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) போய்விட்டது. மாற்றுக்கு வைத்திருந்த கிப்ஸன் எஸ்ஜி கிட்டாரில்தான் மீதி ஆல்பம். ஸ்டுடியோ வாடகைக்குக் காசு சேர்ப்பவர்கள் இரண்டாவது கிட்டாருக்கும் ஏற்பாடு செய்துகொண்டு போங்கள்.

இன்னொரு தப்பான நம்பிக்கை: இந்தக் கனத்த ஒலிக்குக் காரணம் தந்தியைத் தளர்த்தியதாம். இல்லை. சுருதியை இறக்கியது 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில். இதில் கிட்டார் வழக்கமான சுருதியில்தான். தலைப்புப் பாட்டான 'பிளாக் சபாத்'தின் ரிஃப்பில் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கில்) மூன்றே ஸ்வரம்: ஜி, மேல் ஜி, பிறகு சி ஷார்ப். அந்த ஸ்வர இடைவெளியும் டிரம்மர் பில் வார்டின் நிதானமும்தான் பயமுறுத்துகின்றன.

1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, வெர்டிகோ நிறுவனத்தின் வெளியீடு. விமர்சகர்கள் திட்டினார்கள், ஆல்பம் பிரிட்டனில் 8ஆம் இடம், அமெரிக்காவில் 23. ஜனவரியில் விட்ட சிங்கிள், க்ரோ என்ற அமெரிக்க பேண்டின் பாட்டை இவர்கள் வாசித்த 'ஈவில் உமன்', எடுபடவே இல்லை. என்னைக் கேட்டால் ஆல்பத்தில் ஒட்டாத பாட்டு அது ஒன்றுதான். அமெரிக்கப் பதிப்பில் அதைத் தூக்கிவிட்டு 'விக்கிட் வேர்ல்ட்'டை வைத்தார்கள். ஸ்ட்ராட் எப்படி ஒலித்தது, எஸ்ஜி எப்படி ஒலித்தது என்று ஒப்பிட அந்தப் பதிப்பைத் தேடிக் கேட்கலாம்.