அது புதர் இல்லைங்க, தோட்டம்

நம் குடியிருப்பில் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கிய ரிசர்வ் சைட்டை வழித்துப் போட்ட விஷயம் எல்லோருக்கும் தெரியும், படமும் பார்த்திருப்பீர்கள். ‘புதரை அகற்றிவிட்டோம்’ என்று குடியிருப்புக் குழுவில் போட்டதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல். புதர் இல்லைங்க. மூன்று ஐப்பசி மழைக்கு நான் நட்டு வளர்த்த தோட்டம்.

ஆவாரை, நொச்சி, ஓரமாக ஊன்றிய கிளுவைப் போத்து (வெட்டி நடுகிற கிளை) எல்லாவற்றையும் ஜேசிபி அரை மணி நேரத்தில் வழித்துப் போட்டுவிட்டது. எருக்கு மட்டும் தானாக வந்தது, வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன். அதன் இலையில் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வரி போட்ட புழு மேயும். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு. சனிக்கிழமை காலையில் பதினொன்று எண்ணினேன். திங்கட்கிழமை இடமே மொட்டை.

இப்போது அங்கே லான் போடுகிறார்கள். பல்லடத்தில்! மேற்குத் தொடர்ச்சி மலை மழையை மறித்துக்கொள்கிற ஊரில், புல்லுக்கு வாரம் இரண்டு லாரித் தண்ணீராம். சுற்றிலும் கோனோகார்பஸ் வேறு. 2023-ல் குஜராத்தும் 2025-ல் நம் அரசும் தடை போட்ட மரம் அது. என் ஆவாரைக்கு முதல் கோடையில் வாரம் ஒரு குடம் ஊற்றியதோடு சரி. அப்புறம் சித்திரை வெயிலிலும் அது பாட்டுக்குப் பூத்தது.

‘பாம்பு வரும், குழந்தைகள் விளையாடும் இடம்’ என்கிறீர்கள். சரி, அந்தப் பயம் நியாயம்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடிக்கிளைகளைக் கழித்து ஓரத்தைச் சுத்தமாக வைத்திருப்பேன். ‘பார்க்க நன்றாக இல்லை’ என்பதைத்தான் தாங்க முடியவில்லை. கிளுவை கோடையில் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். செத்துப்போய் அல்ல, இருக்கிற ஈரத்தைக் காப்பாற்றிக்கொண்டு. ஒரு மழை விழுந்தால் தளிர்த்துவிடும். பொங்கலுக்குக் காப்புக்கட்ட ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சந்தையில் காசு கொடுத்து வாங்குகிறோமே, அதெல்லாம் எதில் பூக்கிறது? வாசலில் கட்டினால் மங்களம், மண்ணில் நின்றால் புதரா?

காங்கயம் பக்கம் எங்கள் அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, எட்டு ஏக்கர் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம் இருந்தது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். தண்ணீர் பாய்ச்சாமல், மழையை மட்டும் நம்பி அதில் மாடு மேய்த்தார். வேலியில் ஒன்று பட்டுப்போனால் அடுத்த மழைக்குள் அங்கே போத்து ஊன்றிவிடுவார். அவர் போன பிறகு மாமா அதைச் சைட் போட்டு விற்றுவிட்டார். கடைசியாக அந்த வேலியில் வெட்டி வந்த போத்துகளைத்தான் ரிசர்வ் சைட்டில் ஊன்றியிருந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ.

‘பொது இடத்தில் உன் இஷ்டத்துக்கு நட யார் சொன்னது’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். யாரும் சொல்லவில்லை. அங்கே சீமைக்கருவேலமும் பார்த்தீனியமும் மண்டிக் கிடந்தபோதும் யாரும் எதுவும் சொல்லவில்லையே.

அள்ளிக் கொட்டிய குவியலில் தேடி, உயிர் இருக்கிற நான்கு போத்துகளை எடுத்து வந்து மொட்டை மாடியில் சாக்குப்பையில் ஊன்றியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் மதிலோரம் மூன்றடி இடம் கேட்கப் போகிறேன். முடிந்தவர்கள் கூட வாருங்கள்.