விளம்பரம் இல்லாமலும் ஆள் வருகிறார்கள்

மாதாமாதம் விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்காவிட்டால் சின்ன இணையதளம் எடுபடாது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், இதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நாங்கள் இணையதளம் வைத்து உடன்குடி கருப்பட்டி விற்கிறோம். முதல் வருடம் விளம்பரத்தில் போட்ட காசு போனதுதான் மிச்சம். அப்புறம், சீனி கலந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, மழைக்காலத்தில் ஏன் இளகுகிறது என்று போனில் ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு, அவர்கள் கேட்ட அதே வார்த்தைகளைத் தலைப்பாக வைத்து, கேள்விக்கு ஒரு பக்கம் எழுதிப் போட்டோம். கூகுள் சர்ச் கன்சோல் இலவசம்தான், எந்தச் சொல்லைத் தேடி நம் தளத்துக்கு வருகிறார்கள் என்று அது காட்டும். "கருப்பட்டி இளகினால் என்ன செய்வது" என்று தேடி வந்தவர்கள்தான் எங்களுக்கு அதிகம், அதனால் அந்தப் பக்கத்தில் ஈரம் படாமல் ஓலைப்பெட்டியில் அடுக்கும் படங்களையும் சேர்த்தோம். கடை இருந்தால், கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலும் போட்டுவிடுங்கள், அதற்கும் காசு கிடையாது. வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் லிங்க் கொட்டாதீர்கள், சொந்தக்காரர்களே மியூட் செய்துவிடுவார்கள். பார்சலுக்குள், போனில் ஸ்கேன் செய்தால் தளம் திறக்கிற க்யூஆர் கோடு அச்சடித்த துண்டுச்சீட்டு ஒன்று வைத்துப் பாருங்கள், பக்கத்து வீட்டுக்கும் அதுதான் போகிறது.