யாருடைய வயிறு என்று கேட்டீர்களா?

போன வாரப் பதிவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "சீன மருத்துவ ரகசியம்: வெறும் வயிற்றில் கிரீன் டீ, குடல் சுத்தம்." எங்கே பார்த்தாலும் பகிர்வு. அது தப்பு என்று மரியாதையாகத்தான் எழுதினேன். பதிலுக்கு ஒரு சிரிக்கிற பொம்மை, கூடவே "வந்துட்டார் சீனாக்காரர்".

சரி, சீனாவில் குவாங்சோ நகரத்தில் ஆறு வருடம் இருந்தவன், அந்தப் பட்டத்தை வாங்கிக்கொள்கிறேன்.

சீன மருத்துவத்தில் 'வயிற்றுக்கு நல்ல டீ' என்று ஒன்று கிடையாது. யாருடைய வயிறு என்பதுதான் முதல் கேள்வி. நம் வீட்டில் இளநீர் குளிர்ச்சி, பப்பாளி சூடு என்கிறோமே, ஏறக்குறைய அதே கணக்கு. கிரீன் டீ அங்கே குளிர்ச்சி. நன்றாகப் புளிக்க வைத்த பூஅர் என்கிற தேநீர் சூடு. நம்முடைய பிளாக் டீயை அவர்கள் சிவப்புத் தேநீர் என்பார்கள், அதுவும் சூடு. 16ஆம் நூற்றாண்டு மருத்துவர் லீ ஷிசென் தன் கதையையே எழுதி வைத்திருக்கிறார். இளவயதில் கிண்ணம் கிண்ணமாகக் குடித்தாராம். நடுவயதில் வயிறு கெட்டு, டீ உள்ளே போனாலே குமட்டல், வயிற்றுப்போக்கு. அவருக்கும் ஒரு சிரிக்கிற பொம்மை போடுங்கள்.

நானும் அந்த முட்டாள்தனத்தைச் செய்தவன்தான். உடம்பு இளைக்கட்டும் என்று காலைக் காபியை விட்டுவிட்டு லாங்ஜிங் என்கிற கிரீன் டீ, கண்ணாடி டம்ளரில் இலை மிதக்க மிதக்க. இரண்டாம் மாதம் மேல்வயிறு பிசைய ஆரம்பித்தது. மருந்துக்கடையில் உட்காரும் வைத்தியர் நாக்கை நீட்டச் சொன்னார், இரண்டு கையிலும் நாடி பிடித்தார். டீ பேச்சு அப்புறம்தான் வந்தது: பச்சையை நிறுத்து, சாப்பாட்டுக்குப் பிறகு லேசான பூஅர், பழைய கமலாத்தோல் போட்டு. ஷின்ஹுய் ஊர்த் தோல், மூன்று வருடமாவது பழசாக வேண்டும். பழையதன் விலையைக் கேட்டால் வயிறு மறுபடி பிசையும்.

"லாங்ஜிங் விளைகிற ஹாங்ஜோ ஊரில் கிரீன் டீதானே குடிக்கிறார்கள்?" ஒத்துக்கொள்கிற வயிறு குடிக்கிறது. ஒத்துக்கொள்ளாத வயிற்றுக்கு வேண்டாம் என்றுதானே கத்திக்கொண்டிருக்கிறேன்!

"சூடு, குளிர்ச்சிக்கெல்லாம் ஆதாரம் உண்டா?" நியாயமான கேள்வி. ஆய்வகத்தில் காட்ட என்னால் முடியாது. விடாத வலிக்கு டாக்டரிடம்தான் போக வேண்டும், டீக்கடைக்கு அல்ல. ஆனால் 'குடல் சுத்தம்' என்றவரிடம் ஒருவராவது ஆதாரம் கேட்டீர்களா? என்னிடம் மட்டும்தான் கேட்பீர்களோ?

பொம்மைக்காக இவ்வளவு எழுதவில்லை. அந்தப் பதிவு வாட்ஸப்பில் சுற்றி அம்மாவுக்குப் போயிருக்கிறது. எழுபது வயது, ஏற்கெனவே அல்சர். நாலு நாளாக விடியற்காலையில் கிரீன் டீ. வேண்டாம்மா என்று போனில் கெஞ்சினேன்.

"அவர் படமெல்லாம் போட்டு எழுதியிருக்கார்டா, உனக்கென்ன தெரியும்?" என்கிறாள்.