பாஸ்வேர்டு பிள்ளையின் கையில் இருக்கட்டும்

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில், தனியார் பொறியியல் கல்லூரிக்கு ஆள் பிடிக்கிறவர்கள் நடத்திய கூட்டத்தில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், பாதிப் பேர் எனக்கே அனுப்பியும் வைத்தீர்கள். "கவுன்சலிங் லாட்டரி மாதிரி, விழுந்தால் உண்டு, விழாவிட்டால் இல்லை, கைக்கு வந்த சீட்டை இன்றைக்கே பிடித்துக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் மைக்கில் சொல்ல, முன்வரிசைப் பெற்றோர்கள் எழுந்து போய் மேசையில் பத்தாயிரம் பத்தாயிரமாக எண்ணி வைத்தார்களே, அதைத்தான் சொல்கிறேன். ஆறு நாளாகியும் மனசு ஆறவில்லை. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வியாழக்கிழமை ஒரு பெண், விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற என் நெட் கடைக்கு வந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

கவுன்சலிங் என்பது பிளஸ் டூ மார்க்கை வைத்து அரசே கல்லூரி சீட் ஒதுக்குகிற முறை, லாட்டரி கிடையாது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பொறியியலுக்கு உன் கணக்கு மார்க் நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கு, ஆக மொத்தம் 200க்கு உன் கட் ஆஃப். அதை வைத்து ரேங்க். ரேங்க் வரிசையில், உன் பிரிவுக்கான இட ஒதுக்கீட்டின்படி சீட். விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் ஒதுக்கும் ரேண்டம் நம்பர் வந்த அன்றைக்கு அதைப் பார்த்துப் பயந்துபோய் எனக்குப் போன் செய்கிற அம்மாக்கள் வருஷா வருஷம் உண்டு. அந்த நம்பர், இரண்டு பேருக்கு மார்க், பிறந்த தேதி எல்லாம் ஒன்றாக இருந்தால் மட்டும், கடைசியாகப் பார்ப்பது. லாட்டரி என்று மைக்கில் சொன்னவருக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்துதான் சொன்னார். அதுதான் எனக்கு ஆத்திரம்.

வியாழக்கிழமை கதைக்கு வருகிறேன். மத்தியானம் ஏற்காட்டு மலையிலிருந்து ஓர் அப்பாவும் மகளும் வந்தார்கள். அப்பாவுக்குக் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. பெண் ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை மலையிலேயே அரசுப் பள்ளியில் படித்தவள், கட் ஆஃப் 138. "அண்ணா, அப்ளிகேஷன் போட்டாச்சு, ஒரு பிரிண்ட் மட்டும் எடுக்கணும்" என்றாள். பாஸ்வேர்டு கேட்டேன், தெரியவில்லை. சரி, மாற்றிக்கொள்ளலாம் என்று அழுத்தினேன். ஓடிபி வந்திருக்கும் பாரம்மா என்றேன். அப்பாவின் பட்டன் போனை எடுத்துப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினேன், வரவில்லை. மூன்றாவது தடவை அவள் அப்பா மெதுவாகச் சொன்னார்: "தம்பி, மண்டபத்துல அந்த சார் அவரு நம்பரைத்தானுங்க போட்டாரு. நல்லவராத்தாங்க பேசினாரு."

அந்தப் பிள்ளையின் விண்ணப்பம் யாரோ ஒருவரின் போனில் இருக்கிறது. அவள் என்ன சாய்ஸ், அதாவது எந்தக் கல்லூரி, எந்த கோர்ஸ் என்று, போட வேண்டும் என்பதை அந்த ஆள் முடிவு செய்வார். போடாமலேயே விட்டுவிட்டு, "உனக்கு எதுவும் கிடைக்கவில்லை, நம்ம காலேஜுக்கு வந்துவிடு" என்றும் சொல்லலாம். அதோடு பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் மூன்றின் அசலையும் வாங்கி வைத்திருக்கிறார். மலைவாழ் மக்களுக்கு எஸ்.டி. சான்றிதழ் கோட்டாட்சியர் கையெழுத்தில்தான் வரும், அதற்கு அந்த அப்பா எத்தனை நாள் கூலியை விட்டுவிட்டு மலையிறங்கி நடந்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். விண்ணப்பத்துக்கு ஸ்கேன் போதும், சேரப் போகும்போது அசல் வேண்டும். அந்த இடத்தில்தான் பிடி வைக்கிறார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், அவளுக்குப் பணமே தேவையில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021லிருந்து பொறியியலுக்கும் இருக்கிறது. அதில் கவுன்சலிங் மூலம் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வேறு. ஆனால் 7.5 ஒதுக்கீடு கவுன்சலிங் வழியாக வந்தால்தான். கல்லூரியே நேரடியாக நிரப்புகிற மேனேஜ்மென்ட் கோட்டாவில் போய் உட்கார்ந்தால் கிடையாது. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிக்கிறவர்களுக்கான முதல் பட்டதாரிச் சலுகையும் அப்படித்தான், கவுன்சலிங்கில் சேர்ந்தவர்களுக்கு மட்டும். அந்த மேசையில் பத்தாயிரம் வைத்தவர்களில் எத்தனை பேரிடம் இதைச் சொன்னார்கள்? வீடியோ முழுக்க இரண்டு தடவை பார்த்தேன். ஒரு வார்த்தை இல்லை.

என் பழைய கதை தெரிந்தவர்கள் இதைத் தாண்டிப் போங்கள். 2002ல் நான் பிளஸ் டூ முடித்தேன். அப்போது நுழைவுத் தேர்வு உண்டு, கட் ஆஃப் 300க்கு. அப்பா செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிற வேலை செய்தார். ரிசல்ட் வந்த வாரமே தெரிந்தவர் ஒருவர் வந்து, இப்போதே பிடிக்காவிட்டால் சீட் போய்விடும் என்று சொல்லி, அப்பாவை ஒரு கல்லூரிக்கு அழைத்துப் போனார். அம்மாவின் தாலிக்கொடியை அடகு வைத்து அட்வான்ஸ் கட்டினோம். அசல் மார்க் ஷீட்டையும் வாங்கிக்கொண்டார்கள். மூன்று வாரம் கழித்து சென்னைக்குக் கவுன்சலிங் அழைப்புக் கடிதம் வந்தது. இப்போது மாதிரி ஆன்லைன் இல்லை, நேரில் போக வேண்டும், அசல் சான்றிதழோடு. கல்லூரிக்கு மூன்று தடவை போனோம். மூன்றாவது தடவை அங்கே இருந்தவர் அப்பாவை உட்காரக்கூடச் சொல்லவில்லை, ஒரு வருஷக் கட்டணத்தை முழுசாகக் கட்டிவிட்டு எடுத்துப் போங்கள் என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. அமிலமும் நெருப்பும் பட்டுக் கறுத்த விரல்களால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். ஏற்காடு எக்ஸ்பிரஸுக்கு எடுத்திருந்த இரண்டு டிக்கெட்டும் அவர் சட்டைப் பையிலேயே இருந்தன. அந்த நாள் போனது. என்னைவிடக் கட் ஆஃப் குறைந்த என் வகுப்புப் பையன் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தான். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம். நான் நாலு வருஷம் கடனில் படித்தேன். அம்மாவின் கொடி திரும்பி வரவேயில்லை.

அதனால்தான் சொல்கிறேன், கவுன்சலிங் முடியும் வரை யாரிடமும் அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள். அசலைப் பிடித்துவைக்கக் கூடாது என்று உயர்கல்வியைக் கண்காணிக்கிற யுஜிசியும் ஏஐசிடிஇயும் சொல்லியிருக்கின்றன. ஆனால் விதி இருக்கிறதே என்று கொடுத்துவிட்டு அப்புறம் போராடுவதற்கு அந்த அப்பாக்களிடம் நாளும் இல்லை, பஸ் காசும் இல்லை.

தம்பி தங்கச்சிகளே, உங்களிடம் நேராகப் பேசுகிறேன். உன் போன் நம்பரைப் போடு, உன்னிடம் இல்லாவிட்டால் அம்மா அப்பாவுடையதைப் போடு. பாஸ்வேர்டை நீயே வை. ரிஜிஸ்ட்ரேஷன் 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 250, அவ்வளவுதான். சாய்ஸ் எத்தனை வேண்டுமானாலும் போடலாம், ஐம்பது போடு, நூறு போடு. பெரிய கல்லூரியை மேலே போட்டால் கீழே இருப்பதும் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. உன் முறை வரும்போது பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, உன் ரேங்குக்கும் பிரிவுக்கும் எது முதலில் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுக்கும். அதனால் நீ ஆசைப்படுகிற வரிசையிலேயே போடு, பயப்படுகிற வரிசையில் போடாதே. போன வருஷம் அந்தக் கல்லூரியில் உன் பிரிவுக்கு எந்தக் கட் ஆஃப் வரை போனது என்று பார், எத்தனை பேர் பாஸானார்கள் என்ற அண்ணா பல்கலைக்கழகப் பட்டியலையும் பார். பஸ் விடுகிறார்களா, ஏசி இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். சீட் வந்ததும் குறித்த நாளுக்குள் உள்ளே போய் ஒப்புதல் கொடு. பேசாமல் இருந்தால் சீட் போய்விடும். ஒப்புதல் கொடுக்கவும் அதே பாஸ்வேர்டு வேண்டும், இப்போது புரிகிறதா நான் ஏன் கத்துகிறேன் என்று?

பொறியியல் வேண்டாம் என்றால் வேண்டாம். கோரிமேட்டில் என் கடைக்குப் பக்கத்திலேயே அரசு மகளிர் கலைக் கல்லூரி இருக்கிறது. தினமும் அந்தப் பிள்ளைகளைப் பார்க்கிறேன், நன்றாகத்தான் படிக்கிறார்கள்.

இனி பின்னூட்டத்தில் வரப்போவதற்கு முன்கூட்டியே பதில். "தனியார் கல்லூரி எல்லாம் மோசமா?" என்பீர்கள். நான் அப்படிச் சொல்லவேயில்லை. நல்ல தனியார் கல்லூரிகள் சேலத்திலேயே உண்டு. சிறுபான்மை அல்லாத தனியார் கல்லூரிகள் 65 சதவீத இடத்தையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதத்தையும் கவுன்சலிங்குக்குக் கொடுக்கின்றன. அதே கல்லூரி, அதே வகுப்பு, அதே பெஞ்சு. கவுன்சலிங்கில் வந்தால் அரசு நிர்ணயித்த கட்டணம். அப்புறம் எதற்கு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பத்தாயிரம்?

"138க்கு எங்கே கிடைக்கும்?" என்பதற்குப் பதிலே சொல்ல மாட்டேன். எஸ்.டி.க்குத் தனிப் பட்டியல், 7.5க்குத் தனிப் பட்டியல். பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

"படிக்காத பெற்றோருக்கு ஏஜென்ட் உதவிதானே செய்கிறார்?" என்று நேற்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். நல்ல மனிதர், அவரிடம் சண்டை போட எனக்கு விருப்பமில்லை. ஆனால் உதவி செய்கிறவர் தன் நம்பரைப் போட மாட்டார், அசலை வாங்கி வைத்துக்கொள்ள மாட்டார். உதவி என்றால் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பிள்ளையைத் தட்டச் சொல்லி, புரியாத இடத்தில் சொல்லிக் கொடுப்பது.

"நீயும் ஒரு அப்ளிகேஷனுக்குக் காசு வாங்குகிறவன்தானே" என்று இன்னொருவர். ஆமாம், நூறு ரூபாய் வாங்குகிறேன். கடை வாடகை, கரண்ட், நெட் எல்லாம் அதில்தான். ரசீது கொடுக்கிறேன், இல்லாதவர்களிடம் வாங்குவதில்லை, அந்தப் பெண்ணிடமும் வாங்கவில்லை. இதைச் சொல்ல வேண்டிய நிலைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டீர்களே என்பதுதான் வலிக்கிறது. இரண்டு வருஷம் முன்னால் ஒருவர் கடைக்கு வந்து, என்னிடம் விண்ணப்பம் போடுகிற பிள்ளைகளின் பெயரும் போன் நம்பரும் கொடுத்தால் சேர்கிற தலைக்கு ஐயாயிரம் என்றார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். நான் கொடுக்கவில்லை. ஆனால் இந்த ஊரில் யாரோ கொடுக்கிறார்கள், இல்லாவிட்டால் ரிசல்ட் வந்த மறுநாளே மலையில் இருக்கிற பட்டன் போனுக்கு எப்படி அழைப்பு வரும்? அந்தப் பிள்ளைகளின் நம்பர் யார் யார் கையில் இருந்தது என்று நம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருக்கிறோம். கொலுசுப் பட்டறையிலும் தறிக்குழியிலும் காப்பித் தோட்டத்திலும் வேலை செய்கிறவர்கள் எண்ணி வைக்கிற பணம் அது. அந்த மேசையைச் சுற்றி நின்றவர்களில் எனக்குத் தெரிந்த முகங்களும் இருந்தன. அதுதான் ஆறு நாளாகத் தூங்க விடவில்லை.

அந்தப் பெண்ணுக்கு இப்போது செய்திருப்பது இதுதான். நம்பரை மாற்ற வேண்டும் என்று அவள் கையாலேயே எழுதி, உதவி மையத்தில் கொடுத்திருக்கிறோம். கடைசி நாளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. புது பாஸ்வேர்டு என்ன வைக்கலாம் என்று யோசித்து, இப்போதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். எழுதும்போது இடது கையால் மறைத்துக்கொண்டாள், என்னிடம் காட்டவில்லை. அவள் அப்பா "அண்ணன்கிட்டக் காட்டும்மா" என்றார். வேண்டாம் என்றேன்.

மைக் பிடித்தவர் இந்தப் பதிவைப் பார்ப்பார் என்று தெரியும், அவருடைய ஆட்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். அவருக்கு: அந்தப் பிள்ளையின் டி.சி., மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் மூன்றையும் எடுத்து வையுங்கள். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அவள் அப்பா மலையிறங்குகிறார். அடிவாரத்தில் நான் நிற்பேன். இருவருமாக வருகிறோம்.