துவல் வளாகப் பறவைகள்: பரவும் செய்தி தவறானது

சவூதி அரேபியாவில் ஜித்தாவுக்கு வடக்கே, துவலில் உள்ள மன்னர் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கரையில் நிற்கும் பூநாரைகளின் படத்துடன் ஒரு வாட்ஸ்அப் செய்தி பரவுகிறது. அந்தப் பாலைநிலத்தில் இயல்பான பறவைகளே இல்லையென்றும், அழகுக்காக விடப்பட்டவற்றையும் கோடையில் காண முடியாதென்றும் அது கூறுகிறது. இரண்டும் தவறு.

பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது 2009இல். பூநாரைகளோ செங்கடல் கரையின் ஆழமற்ற நீர்நிலைகளுக்கு அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே வருபவை. வளாகத்தை ஒட்டிய அலையாத்திக் காடும் சேற்றுப்பரப்பும் கொக்குகளுக்கும் உள்ளான்களுக்கும் இரை தருகின்றன. ஐரோப்பா, ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குச் செல்லும் வலசைப்பாதை இக்கரையைத் தொட்டுச் செல்வதால், வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் பஞ்சுருட்டான், கொண்டலாத்தி முதலியவை இப்பகுதியில் இறங்கி இளைப்பாறுகின்றன. கோடையை வெறுமையான பருவம் என்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் பிழை. ஆலாக்கள் எனும் கடற்பறவைகளில் பல இனங்களும், செங்கடலையும் ஏடன் வளைகுடாவையும் சார்ந்தே வாழும் வெண்கண் கடற்காகமும் செங்கடல் தீவுகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது அந்த வெயிலில்தான். மீன் பிடித்துண்ணும் வேட்டைப்பறவையான விரால் அடிப்பானும் இக்கடற்கரையில் கூடு கட்டி வாழும் பறவையே.

மனிதரால் அரேபியாவுக்கு வந்து பெருகியவை உண்டு: மைனா அவற்றுள் ஒன்று. பூநாரை அந்த வகையைச் சேர்ந்ததன்று.

பறவை ஆர்வலர்கள் தாங்கள் கண்டவற்றைப் பதிவிடும் இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் துவல் பகுதியைத் தேடினால், மாதவாரியான பதிவுகளை எவரும் இலவசமாகச் சரிபார்க்கலாம். அச்செய்தியை மேலும் பகிர வேண்டாம். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தைத் தெரிவியுங்கள்.