அரை மணி நேரத்துல வந்தர்றேன்னு போனவன்

"மாப்ளே, மாத்திரை வாங்கிட்டு அரை மணி நேரத்துல வந்தர்றேன்." போன சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, வால்பாறை லாட்ஜில் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாகக் கிடந்த என்னிடம் இதைச் சொல்லிவிட்டுப் போனான், கூட வந்த சிநேகிதன். மருந்துக்கடை தெருமுனையில். கட்டிலில் இருந்தபடி அதன் பெயர்ப்பலகையைப் படிக்கலாம்.

பதினொன்றுக்கு போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. பன்னிரண்டுக்கும் அதேதான். என் பை, பர்ஸ், ஸ்வெட்டர், சார்ஜர் எல்லாம் அவன் பைக் பெட்டிக்குள். ஒரு மணிக்குப் பயம் வந்துவிட்டது. பனியில் எங்காவது வளைவில் விழுந்து கிடக்கிறானோ என்று, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்து பார்த்தேன். அவனுக்காகப் பயந்தேன்! லாட்ஜ்காரர், "ஏனுங் தம்பி, கூட வந்தவரு எங்கீங்க?" என்றார். என்ன சொல்ல? அவர்தான் மாத்திரை வாங்கித் தந்தார், கஞ்சி வைத்துக் கொடுத்தார்.

நாலு மணிக்கு ஸ்டேட்டஸ் வந்தது. கேரளாவில் அதிரப்பள்ளி அருவி முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறான். மளுக்கப்பாறை செக்போஸ்ட் தாண்டி, அத்தனை காட்டையும் கடந்து போயிருக்கிறான். போட்டிருந்தது என் மழைக்கோட்டு.

ராத்திரி போனில், "கோவமா மாப்ளே? ரோடு கூப்டுச்சுடா" என்கிறான்.

இவன் இப்படிப் பேசக் காரணம் ஒரு நாவல். அமெரிக்க எழுத்தாளர் ஜாக் கெரோவாக்கின் 'ஆன் தி ரோடு'. எனக்குப் படிக்கக் கொடுத்ததே இவன்தான். 1951இல் மூன்றே வாரத்தில், 120 அடி நீளக் காகிதச் சுருளில் தட்டச்சு செய்தது, 1957இல் புத்தகமாக வந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான். அதில் ஊர் ஊராகச் சுற்றும் டீன் மோரியார்ட்டி மாதிரி வாழணும் என்பான். அடேய், அந்த டீன் மெக்சிகோ சிட்டியில் என்ன செய்தான்? கதையைச் சொல்கிற அவன் சிநேகிதன் சால், சீதபேதியும் காய்ச்சலுமாக நினைவு தப்பிக் கிடக்கிறான். வந்த சோலி முடிந்தது, விவாகரத்துக் காகிதம் கைக்கு வந்தது, டீன் கிளம்பிவிட்டான். நியூயார்க் திரும்பி, பக்கத்து நியூவார்க்கில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, அன்று ராத்திரியே பழைய மனைவியிடம் சான் பிரான்சிஸ்கோவுக்கு பஸ் ஏறிவிட்டான். அதற்கு முன்னாலும் அதே சான் பிரான்சிஸ்கோவில், சால், மேரிலூ என்ற பெண் இரண்டு பேரையும் கையில் காசில்லாமல் தெருவில் இறக்கிவிட்டுப் போனவன்தான். கலாட்டியா என்ற பெண் அவனை நிற்கவைத்துக் கேட்கிறாள், உனக்கு உன்னைத் தவிர யாரைப் பற்றியும் அக்கறையே கிடையாதே என்று. அவள் புருஷன் இந்த டீனோடு ஊர்சுற்றக் கிளம்பி, அவள் கைக்காசு தீர்ந்ததும் அவளை நடுவழியில் ஓட்டலில் விட்டுப் போனவன். கேட்க அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு.

இந்தப் பக்கங்களை இவன் மாதிரி ஆட்கள் பேசுவதில்லை. வண்டி ஓட்டுவதைப் பேசுகிறார்கள், ஜாஸ் பேசுகிறார்கள், சுதந்திரம் பேசுகிறார்கள். கட்டிலில் கிடப்பவனைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சால் குணமாகி எழுந்து, டீன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்தும், அவன் வாழ்க்கைச் சிக்கல் அப்படி என்று பொறுத்துப்போகிறான். எனக்கு அந்த மனசு இல்லை. இவனுக்கு ஒரு சிக்கலும் கிடையாது. அவங்க அம்மா காலையில் கூப்பிட்டு, "கண்ணு, பையன் உங்கூடத்தான இருக்கான்?" என்று கேட்டபோது அவனுக்காகப் பொய் சொன்னவன் நான். அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை லாட்ஜ்காரர் கொடுத்த இருநூறு ரூபாயில் பஸ் ஏறினேன். ஆழியாறு வரை நாற்பது கொண்டை ஊசி வளைவு. பக்கத்தில் இருந்த அம்மா எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்து, "மோந்துட்டே வா சாமி" என்று முதுகைத் தடவிக்கொடுத்தது. முன்பின் தெரியாத மனுஷி.

பொள்ளாச்சியில் இறங்கி கிணத்துக்கடவுக்கு அடுத்த பஸ். என் தலைக்கு நேர் மேலே ஸ்பீக்கர். ஜன்னல் கண்ணாடியே அதிர்கிறது. "அண்ணா, காய்ச்சலுங்ணா, கொஞ்சம் கொறைங்ணா" என்று கண்டக்டரிடம் கெஞ்சினேன். டிரைவருக்குத் தூக்கம் வரும் என்கிறார். பட்டப்பகல் பதினொரு மணிக்கு என்னங்க தூக்கம்? கைக்குழந்தையோடு ஒரு பொண்ணு ஏறியது, குழந்தை வீறிட்டு அழுகிறது, அப்போதும் குறைக்கவில்லை. ஒரு பட்டனைத் திருகத்தானே கேட்டோம்?